ஈரத் துண்டு உலரும் கதை

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளித்துத் துவட்டிய துண்டைக் குளியலறைக் கம்பியில் போடுகிறீர்கள். மாலையில் எடுத்துப் பார்த்தால் அது இன்னும் ஈரமாகவே இருக்கிறது. மறுநாள் காலையில் தொட்டால் சில்லென்று கையில் ஒட்டுகிறது. முகத்தருகே கொண்டுபோனால் மக்கிய வாடை அடிக்கிறது. "இதற்கு ஒரு வழி கிடையாதா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

வழி இருக்கிறது என்கிறார்கள் நகரத்துக் குளியலறைச் சாமான் கடைக்காரர்கள். துண்டு போடும் கம்பியையே மின்சாரத்தால் சூடாக்கிவிட்டால் போதும், ஈரம் தானே போய்விடும் என்று சொல்லி, ஏணிப்படிபோல் குறுக்குக் கம்பிகள் வைத்த பளபளப்பான கருவி ஒன்றைக் காட்டுகிறார்கள். சூடேறும் டவல் ராடு என்பது அதன் பெயர். குளிர்நாடுகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கும் இக்கருவி நம் நாட்டிலும் புது வீடு கட்டுவோரின் பட்டியலில் ஏறத் தொடங்கியிருக்கிறது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, சேயாற்றங்கரையில், உத்திரமேரூர் போகும் வழியில் மாகறல் என்ற ஊர் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் அதுவும் ஒன்று. அந்த ஊரில் ஒருவர் புது வீடு கட்டுகிறார் என்றால், அவருடைய குளியலறைக்கு இக்கருவி தேவையா? தேவையென்றால் எதைப் பார்த்து வாங்குவது? இக்கேள்விக்கு விடை சொல்ல, ஈரத்துணி எப்படி உலர்கிறது என்பதை மனிதன் கண்டுகொண்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

முற்றத்துக் கொடி

நம் பாட்டனார் காலத்து வீட்டில் குளியல் கிணற்றடியிலோ ஆற்றிலோ குளத்திலோ நடந்தது. துவட்டிய துண்டு மெல்லியது. அதை இறுகப் பிழிந்து, உதறி, முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டார்கள். ஈரிழைத் துண்டு என்று நாம் இன்றும் கேட்டு வாங்குகிறோமே, அதைப் போன்ற இடைவெளி விட்ட நெசவுத் துணி அது. வெயில் காலத்தில் சாப்பிட்டு எழுவதற்குள் காய்ந்துவிடும்.

மழைக்காலத்துக்கும் ஒரு முறை இருந்தது. தாழ்வாரத்திலும் அடுப்பங்கரையிலும் உத்தரத்தை ஒட்டி உயரத்தில் கொடி கட்டி, நீண்ட கோலால் துணியைத் தூக்கி விரித்தார்கள். மடித்துணியை இப்படி உலர்த்திய வீடுகள் பல. ஆசாரத்துக்காகச் செய்தது என்றாலும் அதில் ஓர் இயற்பியல் உண்மையும் அடங்கியிருந்தது. அடுப்பால் வெப்பமடைந்த காற்று இலேசானது. அது மேலே ஏறிக் கூரையின் கீழ் நின்று, ஓட்டின் சந்துகள் வழியே வெளியேறும். துணி விரிந்திருந்தது அந்த வெப்பக் காற்றின் பாதையில்தான்.

காஞ்சிபுரத்துச் சாயத் தொழிலாளரும் நெசவாளரும் உலர்த்தும் கலையை நம்மினும் நுட்பமாக அறிந்தவர்கள். சாயத் தொட்டியிலிருந்து எடுத்த பட்டு நூல் சிட்டத்தை முறுக்கிப் பிழிந்து, உதறி, மூங்கில் கழியில் கோத்து நிழலில் காற்றாட விடுகிறார்கள். கடும் வெயில் பட்டின் நிறத்தையும் வலுவையும் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அடைமழை வந்தால் நூல் உலராது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க முடியாது. தறிக்குழியில் நீர் ஊறிவிடும். நமக்கு ஈரத் துண்டு ஒரு தொல்லை. அவர்களுக்கோ ஈரம் என்பது அந்த வாரத்துக் கூலியே போய்விடும் காரியம்.

பிழிவது, விரிப்பது, காற்றோட்டத்தில் விடுவது, வேண்டுமானால் சிறிது வெப்பம் தருவது என்று இந்த நான்கு செயல்களும் நம்மவர்க்குப் பழக்கத்தால் தெரிந்திருந்தன. இவை ஒவ்வொன்றும் ஏன் பயன்படுகிறது, எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்குத்தான் பிற்காலத்தில் வேறொரு நாட்டில் பிறந்தது.

நீர் கேட்கும் வெப்பம்

ஸ்காட்லாந்து நாட்டில் ஜோசப் பிளாக் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். 1760ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது அவர் ஓர் எளிய செய்தியைக் கவனித்தார். அதை நீங்களும் உங்கள் வீட்டு அடுப்பில் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி ஒரே சீரான தீயில் வையுங்கள். அது கொதிக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் கொதித்த தண்ணீர் முழுதும் வற்றிப்போக அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் தண்ணீரின் வெப்பநிலை கொதிநிலைக்கு மேல் ஏறுவதில்லை. அப்படியானால் அத்தனை வெப்பமும் எங்கே போயிற்று?

நீரை ஆவியாக்கவே அந்த வெப்பம் செலவாகிறது என்று பிளாக் கண்டார். வெப்பமானியில் தென்படாமல் ஒளிந்துகொள்வதால் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். நீர் கொதிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அறை வெப்பத்தில் மெல்ல ஆவியாகும் நீருக்கும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் வெப்பம் தேவை. மண்பானையில் கசியும் நீர் பானையிலிருந்தே இந்த வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ச்சியாகிறது. ஈரத் துண்டு தொட்டால் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது பிழிவதன் பெருமை உங்களுக்குப் புரிந்திருக்கும். கையால் பிழிந்து வெளியேற்றும் நீர் நீராகவே போகிறது. அதற்கு உள்ளுறை வெப்பம் கொடுக்க வேண்டியதில்லை. முறுக்கிப் பிழிந்த பிறகு எஞ்சும் நீருக்கு மட்டுமே வெயிலோ காற்றோ மின்சாரமோ விலை தருகிறது.

காற்றில் உள்ள இடம்

வெப்பம் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஆவியான நீர் போய்ச் சேரக் காற்றில் இடம் வேண்டும். இந்த இரண்டாவது உண்மையைத் தெளிவுபடுத்தியவர் ஜான் டால்ட்டன். அணுக் கொள்கைக்காகப் பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்த அதே டால்ட்டன்தான்.

அவர் 1793ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். வானிலையில் அவருக்கு இருந்த ஆர்வம் சொல்லி முடியாது. 1787இல் தொடங்கி 1844இல் இறக்கும் வரை நாள்தோறும் வானிலைக் குறிப்பு எழுதி வந்தார். மழை எங்கிருந்து வருகிறது, நீர் எப்படிக் காற்றில் கலக்கிறது என்ற கேள்விகள் அவரை விடாமல் தொடர்ந்தன. நீர் ஆவியாகும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுத்து நிறுத்துப் பார்த்தார். 1802ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரைகளில் அவர் சொன்ன முடிவு இதுதான். ஒரு வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அந்த உச்ச அளவுக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ள நீராவிக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ, அதற்கு ஏற்ற வேகத்தில் நீர் ஆவியாகும். காற்று வீசினால் வேகம் மேலும் கூடும்.

இதை நம் ஊர்க் கணக்காக மாற்றிப் பார்ப்போம். சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றில் வெப்பநிலை 38 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு என்று கொள்வோம். அந்த வெப்பநிலையில் 1 கனமீட்டர் காற்றில் உச்சமாக 46 கிராம் நீராவி இருக்க முடியும். ஏற்கெனவே இருப்பது ஏறத்தாழ 18 கிராம். ஆகவே இன்னும் 28 கிராமுக்கு இடம் இருக்கிறது. ஐப்பசி மழைநாளிலோ வெப்பநிலை 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று கொண்டால், உச்ச அளவு 23 கிராம். இருப்பது 22 கிராம். மிஞ்சும் இடம் ஏறத்தாழ 1 கிராம்தான்! சித்திரையில் ஒரு வாளி காலியாக இருந்தது என்றால், ஐப்பசியில் ஒரு டம்ளர்கூட இல்லை. துண்டு உலராததில் வியப்பென்ன?

அந்த மழைநாள் காற்றையே 10 டிகிரி சூடாக்கி 35 டிகிரிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? உச்ச அளவு 39 கிராமுக்குமேல் உயர்ந்துவிடும். காற்றில் உள்ள நீராவியை நாம் சிறிதும் எடுக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ 18 கிராமுக்குப் புதிதாக இடம் கிடைத்துவிட்டது. அடுப்பங்கரைக் கொடி செய்ததும் இதுவே, சூடேறும் டவல் ராடு செய்வதும் இதுவே.

ஆசிரியரும் மாணவரும்

டவல் ராடு சூடாக மின்சாரம் வேண்டும் அல்லவா? மின்சாரம் எவ்வளவு வெப்பம் தரும் என்று முதன்முதலில் அளந்து சொன்னவர், டால்ட்டனிடம் பாடம் படித்த மாணவர் என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள்.

மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் மதுபானம் வடிக்கும் தொழில் நடத்திய ஒருவர், 1834ஆம் ஆண்டுவாக்கில் தம் இரு பிள்ளைகளையும் முதியவரான டால்ட்டனிடம் கணக்குக் கற்க அனுப்பினார். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். டால்ட்டனின் உடல்நலம் கெட்டதால் பாடம் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. ஆனால் எதையும் அளந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் மாணவரை விட்டுப் போகவில்லை. ஜூல் மெல்லிய கண்ணாடிக் குழாயின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றி, அதை நீர் நிறைந்த சாடியில் வைத்து, மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று குறித்தார். கம்பியின் தடையையும் மின்னோட்டத்தின் இருமடியையும் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்ற விதி 1841இல் அச்சாயிற்று. இன்று இஸ்திரிப் பெட்டி, கீசர், டவல் ராடு எல்லாம் இவ்விதிப்படியே சூடேறுகின்றன. வெப்பத்தின் அலகுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆக, நீர் எப்போது காற்றில் ஏறும் என்று ஆசிரியர் சொன்னார். கம்பி எவ்வளவு சூடேறும் என்று மாணவர் சொன்னார். இந்த இரு விதிகளும் சேர்ந்ததே நம் கருவி. அவர்கள் இருவரும் துண்டு உலர்த்துவதைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார்கள் என்பது வேறு செய்தி.

டர்க்கி டவல் வந்த வழி

மான்செஸ்டர் என்றதும் நம் நெசவாளர்க்கு நினைவு வருவது டால்ட்டனும் அல்ல, ஜூலும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சந்தைகளில் வந்து குவிந்த ஆலைத் துணிதான். நீராவி எந்திரத்தால் ஓடிய அந்த ஆலைகளின் மலிவுத் துணியோடு போட்டியிட முடியாமல் நம் நாட்டுப் பருத்திக் கைத்தறியாளர் பலர் தறியை விட்டனர். அதே மான்செஸ்டர் வட்டாரத்திலிருந்துதான் தடித்த துண்டும் உலகெங்கும் பரவியது.

ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் துருக்கி நாட்டில் பயணம் செய்தபோது, மேற்பரப்பெங்கும் சின்னஞ்சிறு நூல் வளையங்கள் எழுந்து நிற்கும் குளியல் துணியைக் கண்டு ஊருக்குக் கொண்டுவந்தார். மான்செஸ்டரை அடுத்த டிராயில்ஸ்டனில் அவர் குடும்பத்துக்கு ஆலை இருந்தது. அங்கே சாமுவேல் ஹோல்ட் என்பவர், கையால் நெய்த அந்த வளையங்களை எந்திரத்தில் நெய்யும் முறையை அமைத்தார். 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அத்துண்டு காட்சிக்கு வைக்கப்பட்டது. டர்க்கி டவல் என்று நம் வீடுகளிலும் ஒட்டிக்கொண்ட பெயர் அந்தப் பழைய வரலாற்றின் அடையாளம்.

வளையங்கள் துணியின் பரப்பை மிகுவிக்கின்றன. நீரை விரைவாக உறிஞ்சுகின்றன. உடம்புக்கு மெத்தென்று இருக்கின்றன. இது அதன் நன்மை. ஆனால் உள்ளே போன நீர் தடித்த நூல் அடுக்குகளின் நடுவே சிக்கிக்கொள்கிறது. வளையங்களுக்கு இடையே நிற்கும் காற்று விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடும். டால்ட்டன் சொன்னபடி அங்கே இடம் இல்லாமல் போகிறது. கனமான அத்துண்டைக் கையால் நன்றாகப் பிழியவும் முடியாது. மெல்லிய துண்டில் துவட்டினாலும் தடித்த துண்டில் துவட்டினாலும் உடம்பில் இருந்த நீர் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் அது விரிந்து கிடக்கிறது, மற்றொன்றில் ஒளிந்து கிடக்கிறது.

குளிர்நாட்டுக் குளியலறை

தடித்த துண்டு ஒருபுறம், வெயில் அரிதான வானம் மற்றொருபுறம். குளிரைத் தடுக்கச் சாளரங்களை மூடியே வைத்த வீடு வேறு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஈரத் துண்டு பெருந்தொல்லையாயிற்று. அந்நாடுகளில் வீட்டைக் குளிர்காலத்தில் வெப்பமாக வைக்கச் சுடுநீரைக் குழாய்களில் ஓடவிடும் முறை பரவியபோது, அக்குழாய் ஒன்றையே குளியலறையில் வளைத்துத் துண்டு போடும் கம்பியாக்கினார்கள். வீட்டை வெப்பமாக்க எப்படியும் ஓடும் சுடுநீர் துண்டையும் உலர்த்திவிட்டது. தனிச் செலவு மிகக் குறைவு.

மின்சாரம் வீடுகளுக்கு வந்தபின் சுடுநீர்க் குழாய் இல்லாத வீட்டிலும் இது இயலும் என்றாயிற்று. அதற்கு முன்பு ஒரு தடை இருந்தது. சாதாரண உலோகக் கம்பி பலமுறை செந்தழலாகச் சூடேறினால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து விரைவில் அரித்துப்போகும். அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து உருவாக்கிய நிக்ரோம் கம்பிக்கு 1906இல் காப்புரிமை கிடைத்தது. பழுக்கக் காய்ந்தாலும் கெடாத அக்கம்பி மின்னடுப்புகளுக்கெல்லாம் உயிரானது. இக்கம்பியை மக்னீசியம் ஆக்சைடு தூளுக்குள் புதைத்து உலோக உறையில் அடைத்துவிட்டால், வெப்பம் வெளியே வரும், மின்சாரம் வராது. பல டவல் ராடுகளின் உள்ளே இருப்பது இத்தகைய வெப்பத்தண்டுதான்.

மாகறலில் ஒரு கணக்கு

இப்போது மாகறல் வீட்டுக்குத் திரும்புவோம். புது வீட்டில் முற்றம் இல்லை, தாழ்வாரம் இல்லை. படுக்கையறையை ஒட்டிக் குளியலறை. 2 மீட்டர் நீளம், 1½ மீட்டர் அகலம், 2½ மீட்டர் உயரம். அதில் அடங்கும் காற்று 7½ கனமீட்டர். வீட்டில் இருவர் குளித்துத் துவட்டிய துண்டுகளில் 200 கிராம் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வெப்பக் கணக்கு. 200 கிராம் நீர் ஆவியாக 4,86,000 ஜூல் வேண்டும். மின்சாரத்தில் 1 யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆகவே தேவை 0.135 யூனிட். டவல் ராடு 100 வாட் திறனுடையது என்றால், வெப்பம் சிறிதும் வீணாகாத நிலையில் 1 மணி 20 நிமிடம் ஆகும். உண்மையில் வெப்பத்தில் ஒரு பகுதி சுவருக்கும் அறைக்கும் போய்விடும். ஆகவே 3 மணி நேரம் என்று கொள்வோம். நாள் ஒன்றுக்கு 0.3 யூனிட், மாதத்துக்கு 9 யூனிட் ஆகிறது. அணைக்க மறந்து இரவு பகலாக ஓடவிட்டாலோ மாதத்துக்கு 72 யூனிட்! வித்தியாசத்தைக் கவனியுங்கள். கருவியின் வாட் அளவைவிட அது ஓடும் நேரமே மின்கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்து இடக் கணக்கு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மழைநாளில் அந்த அறையின் காற்று முழுவதையும் 35 டிகிரிக்குச் சூடாக்கினாலும், 1 கனமீட்டருக்கு 18 கிராம் வீதம் 7½ கனமீட்டரில் 135 கிராம் நீராவிக்கே இடம் உண்டு. துண்டில் இருப்பது 200 கிராம். கதவையும் சாளரத்தையும் மூடிவைத்தால் மிச்ச நீர் எங்கே போகும்? குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் முத்து முத்தாகப் படியும். சுவரில் கரும்பூஞ்சை பிடிக்கும். துண்டின் ஈரத்தைச் சுவருக்கு மாற்றியதுதான் மிச்சம். எனவே டவல் ராடு வாங்குமுன், காற்று வெளியேற ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். உயரத்தில் ஒரு சாளரமும் சிறிய எக்ஸாஸ்ட் மின்விசிறியும் இல்லாத குளியலறையில் டவல் ராடு பாதி வேலைதான் செய்யும்.

மூன்றாவது, காலக் கணக்கு. மாகறலில் வெயிலும் காற்றும் ஆண்டின் பெரும்பகுதி இலவசமாக வேலை செய்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் தொல்லை. அதிலும் நாள் முழுதும் வெயிலே காணாத நாட்கள் சிலவே. அந்த நாட்களில் மெல்லிய துண்டை நன்றாகப் பிழிந்து, கூடத்துக் கொடியில் ஒற்றையாக விரித்து, மின்விசிறியைச் சில மணி நேரம் ஓடவிட்டால் பெரும்பாலும் உலர்ந்துவிடும். உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் கதை வேறு. அங்கே குளிரும் மேகமும் சேர்ந்து மான்செஸ்டர் நிலையை உண்டாக்குகின்றன. அங்கே இக்கருவி ஆடம்பரம் ஆகாது. வெயிலுக்குக் கொடி கட்டவே இடமில்லாத நகர அடுக்குமாடி வீட்டிலும், முதியோரும் நோயாளிகளும் உள்ள வீட்டிலும் அதற்கு நியாயம் உண்டு.

ஈரத் துண்டின் நாற்றத்தையும் சிறிய செய்தி என்று ஒதுக்கக் கூடாது. சரியாக உலராத துணியில் வரும் அந்த வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈரம் நீடித்தால் அவை பெருகும். விரைவில் உலர்த்தினால் அவற்றின் பெருக்கம் தடைப்படும். ஆனால் டவல் ராட்டின் மிதமான சூடு அவற்றைக் கொன்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள். துண்டைத் துவைப்பதற்கும் வெயிலில் காயவைப்பதற்கும் அது மாற்று அல்ல.

வாங்குவதானால்

இவ்வளவுக்குப் பிறகும் தேவை என்று முடிவு செய்தால், கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வகை. சுடுநீர் ஓடும் வகை நமக்கு ஏற்றதன்று. நம் வீடுகளில் கீசர் நீர் குளிக்கும்போது மட்டுமே ஓடுகிறது. வீடு முழுதும் சுற்றிவரும் சுடுநீர்க் குழாய் கிடையாது. எனவே மின்சார வகையைத்தான் பார்க்க வேண்டும். அதில் திரவம் நிரப்பிய வகை மெல்லச் சூடேறி, அணைத்தபின்னும் சற்று நேரம் சூட்டைத் தக்கவைக்கும். உள்ளே வெப்பக் கம்பி மட்டும் கொண்ட உலர் வகை விரைவில் சூடேறும். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமே பயன்படுத்துவோர்க்குப் பின்னதே வசதி.

இரண்டாவது, அளவு. துண்டை ஒரே மடிப்பாக விரிக்கும் அகலம் இருக்க வேண்டும். நான்காக மடித்துப் போட்டால் நடுவில் உள்ள ஈரம் வெளியேறாது. குறுக்குக் கம்பிகளுக்கு இடையே தாராளமான இடைவெளி வேண்டும். கம்பிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூன்றாவது, உலோகம். மாகறல் போன்ற ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெறித்துக் காய்ந்தால் உப்புத் திட்டு படியும். முலாம் பூசிய இரும்பில் முலாம் உரிந்த இடத்தில் துரு பிடித்து, அத்துரு துண்டில் கறையாக ஏறும். தரமான எவர்சில்வர் இதைத் தாங்கும்.

நான்காவது, கட்டுப்பாடு. குறித்த நேரத்தில் தானே அணையும் டைமரும், சூடு மிகுந்தால் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். மாதம் 9 யூனிட்டா 72 யூனிட்டா என்பதை அந்த டைமர்தான் முடிவு செய்கிறது. பட்டுத் துணியை இதன்மேல் போட வேண்டாம். சூட்டில் பட்டு என்ன ஆகும் என்பதை நம் சாயத் தொழிலாளர் முன்பே அறிவார்கள்.

ஐந்தாவதும் மிக முக்கியமானதும், உயிர்ப் பாதுகாப்பு. நனைந்த தோல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடும். வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்று உலோகக் கம்பியைத் தொடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே நல்ல எர்த் இணைப்பு இல்லாத வீட்டில் இக்கருவியைப் பொருத்தவே வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பான் வீட்டு மின்பலகையில் இருக்க வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்குவதற்கு அடையாளமாக ஐ.பி. 44 என்ற குறியீடு கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷவரிலிருந்து குறைந்தது 60 செண்டிமீட்டராவது தள்ளிப் பொருத்துங்கள். சுவிட்சு குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன ஐந்தில் எதற்காவது வழியில்லை என்றால், அந்தப் பணத்தில் ஓர் எக்ஸாஸ்ட் மின்விசிறியும், இரண்டு ஈரிழைத் துண்டும், உயரத்தில் கட்ட ஒரு நல்ல கொடிக் கயிறும் வாங்கிவிடலாம்.

துண்டு உலர வெப்பம் வேண்டும், இடம் வேண்டும், காற்று வேண்டும். பிளாக்கும் டால்ட்டனும் ஜூலும் கணக்கிட்டுச் சொன்னது இதைத்தான். வெயில் குறைந்த நாட்டில், தடித்த துண்டுக்கு, அவர்கள் ஊர் மக்கள் கண்ட விடை சூடேறும் கம்பி. வெயில் மிகுந்த நாட்டில், மெல்லிய துண்டோடு, நம் முன்னோர் கண்ட விடை முற்றத்துக் கொடி. புது வீட்டுக்கு வரைபடம் போடும்போது, சமையலறைக்கும் பூசையறைக்கும் இடம் ஒதுக்குவதுபோல், ஈரத்துணி காய ஓர் இடத்தையும் ஒதுக்கிவிடுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் கடைக்குப் போகலாம்.